பதிவை நீக்கினால் பேச்சுரிமை போய்விடுமா?

இணையக் குழு ஒன்றில் யாருடைய பதிவையாவது அட்மின் நீக்கிவிட்டால், ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு குரல்கள் எழும். "கருத்துச் சுதந்திரத்தின் கழுத்தை நெரிக்கிறீர்கள்" என்பது ஒன்று. "இது எங்கள் குழு, பிடிக்காவிட்டால் வெளியே போ" என்பது இன்னொன்று. நானும் சில காலம் ஒரு நடுத்தர அளவுக் குழுவில் அந்த அட்மின் வேலையைப் பார்த்தவன். இரண்டு வசனங்களையும் ஒரே ஆளிடமிருந்தே கேட்ட நாட்கள் உண்டு. தன் பதிவு போனால் முதல் வசனம், தனக்குப் பிடிக்காதவரின் பதிவு போனால் இரண்டாவது.

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்தச் சண்டை தீர்வதே இல்லை. எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி தவறு என்று கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம். இதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

## தடுப்பது யார்?

உங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு உங்கள் அம்மாவையே திட்டுகிறார். எழுந்து வெளியே போகச் சொல்கிறீர்கள். அவருடைய பேச்சுரிமையைப் பறித்துவிட்டதாக யாரும் சொல்லமாட்டார்கள். அவருக்கு இன்னும் அவர் வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு காட்சி. அதே மனிதர் தன் வீட்டில் உட்கார்ந்து அரசாங்கத்தைக் குறை சொல்கிறார். போலீஸ் வந்து அழைத்துப் போகிறது. இங்கே அவருக்குப் போக வேறு இடமே இல்லை. அரசின் கை எட்டாத தெரு நாட்டுக்குள் கிடையாது.

அரசமைப்புச் சட்டங்கள் பேச்சுரிமை என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்த இரண்டாவது காட்சியைத்தான் நினைக்கின்றன. 1791இல் வந்த அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம், நாடாளுமன்றமான காங்கிரஸ் இன்னின்ன சட்டங்களை இயற்றக் கூடாது என்றுதான் தொடங்குகிறது. கை கட்டப்படுவது அரசுக்கு. அண்டை வீட்டுக்காரருக்கு அல்ல. இந்திய அரசமைப்பின் 19ஆவது உறுப்பு பேச்சுரிமையைத் தந்துவிட்டு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் முதலான சில காரணங்களுக்காக மட்டும் "நியாயமான கட்டுப்பாடுகள்" விதிக்க அரசுக்கு இடம் கொடுக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவின் முதல் திருத்தம் அரசின் கையைக் கட்டியது. இந்தியாவின் முதல் திருத்தமோ, 1951இல், கட்டுப்பாட்டுக்கான காரணங்களின் பட்டியலை நீட்டியது. "நியாயமான" என்ற சொல்லைச் சேர்த்ததும் அதே திருத்தம்தான்.

இப்போது இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். ஒரு பேச்சு எங்குமே வெளிவரக் கூடாது என்று அதிகாரம் உள்ளவர்கள், குறிப்பாக அரசு, தடுப்பது தணிக்கை. ஒரு குழு தன் இடத்துக்குள் எது இருக்கலாம், எது கூடாது என்று பார்த்துக்கொள்வது மட்டுறுத்தல்.

ஆக, "என் பதிவை நீக்கிவிட்டார்கள்" என்றால் முதலில் கேட்க வேண்டியது, நீக்கியது யார், வேறு இடத்தில் அதைச் சொல்ல எனக்கு வழி இருக்கிறதா என்பதுதான். வழி இருந்தால் அது பெரும்பாலும் மட்டுறுத்தல். அது நியாயமான மட்டுறுத்தலா என்பது வேறு கேள்வி. அதைப் பிறகு பார்ப்போம்.

## சட்டம் போடும் கோடு

பேச்சுரிமைக்கு எல்லையே இல்லாத நாடு கிடையாது. எல்லையை எங்கே போடுவது என்பதில்தான் தகராறு. அதைப் புரிந்துகொள்ள ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் சொன்ன ஓர் உதாரணம் இன்றும் நன்றாக உதவுகிறது. தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினால் அது கருத்து. அதையே, கோபத்தோடு கூடியிருக்கும் கும்பலிடம், ஒரு தானிய வியாபாரியின் வீட்டு வாசலில் நின்று சொன்னால் தண்டிக்கலாம். சொற்கள் மாறவில்லை. சொன்ன இடமும் நேரமும் அவற்றைத் தீக்குச்சி ஆக்கிவிட்டன.

இந்திய உச்ச நீதிமன்றம் 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் இதை மூன்று படிகளாகப் பிரித்தது. ஒரு விஷயத்தை விவாதிப்பது முதல் படி. அதை ஆதரித்து வாதாடுவது இரண்டாவது. ஆட்களைச் செயலில் இறங்கத் தூண்டுவது மூன்றாவது. முதல் இரண்டும், எவ்வளவு பேருக்குப் பிடிக்காத விஷயமாக இருந்தாலும், பேச்சுரிமையின் மையம். மூன்றாவது படியில் கால் வைக்கும்போதுதான் கட்டுப்பாடு வருகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969இல் பிராண்டன்பர்க் வழக்கில் இன்னும் கறாராகச் சொன்னது: சட்டமீறல் உடனே நடக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு பேசியிருக்க வேண்டும், அது நடக்கும் வாய்ப்பும் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர், "நெரிசலான தியேட்டரில் தீ என்று கத்த முடியாதே" என்பார். எல்லா விவாதத்திலும் வரும் வசனம் இது. 1919இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் சொன்னது, பொய்யாகத் தீ என்று கத்திப் பீதியை உண்டாக்குவதைப் பற்றி. "பொய்யாக" என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. உண்மையிலேயே தீ பிடித்திருந்தால் கத்தத்தானே வேண்டும்! அந்த வழக்கும் தியேட்டரைப் பற்றியது அல்ல. முதல் உலகப் போருக்குக் கட்டாய ஆள் சேர்ப்பதை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் அனுப்பியவர்களைத் தண்டித்த வழக்கு அது. அன்று சரி என்று ஏற்கப்பட்ட அந்தத் தண்டனையின் பின்னால் இருந்த தர்க்கத்தை 1969 தீர்ப்பு பெருமளவு ஒதுக்கிவிட்டது. அதனால் அந்த வசனத்தை வைத்து யாராவது உங்களை மடக்கினால், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லலாம்.

## குப்பையைக் கூட்டியவருக்குத் தண்டனை

ஒரு குழுவில் யாரோ ஒருவர் இன்னொருவரைப் பற்றிப் பொய் எழுதுகிறார். அவதூறு என்றால் இதுதான்: ஒருவரின் பெயரைக் கெடுக்கும்படி உண்மையற்றதைப் பரப்புவது. எழுதியவர் பொறுப்பு, சரி. இடம் கொடுத்தவரும் பொறுப்பா?

பழைய உலகத்தில் இரண்டு முன்மாதிரிகள் இருந்தன. பத்திரிகை ஆசிரியர் ஒவ்வொரு வரியையும் படித்துத்தான் அச்சுக்கு அனுப்புகிறார். அதனால் அவரும் பொறுப்பு. புத்தகக் கடைக்காரர் கடையிலுள்ள எல்லாப் புத்தகத்தையும் படித்திருக்க முடியாது; தெரியாமல் விற்றதற்கு அவரைப் பிடிக்க முடியாது. இணையம் இதில் எது?

1991இல் அமெரிக்காவில் கம்ப்யூசர்வ் என்ற இணையச் சேவை மீதான அவதூறு வழக்கு தீர்ப்புக்கு வந்தது. அவர்கள் உள்ளடக்கத்தை முன்கூட்டிப் பார்ப்பதில்லை. நீதிமன்றம் அவர்களைப் புத்தகக் கடைக்காரராகக் கருதி விட்டுவிட்டது. 1995இல் பிராடிஜி என்ற சேவையின் முறை. குடும்பங்களுக்கு ஏற்ற இடமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் விதிகள் வைத்திருந்தார்கள், கெட்ட வார்த்தைகளை வடிகட்டினார்கள். பெயர் தெரியாத ஒருவர், ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட் என்ற பங்குத்தரகு நிறுவனம் மோசடி செய்கிறது என்று அங்கே எழுதினார். நிறுவனம் வழக்குப் போட்டது. நீங்கள்தான் உள்ளடக்கத்தைக் கண்காணிக்கிறீர்களே, அப்படியானால் நீங்கள் ஆசிரியர் போலத்தான் என்றது நீதிமன்றம். (அந்த நிறுவனத்தை நடத்தியவர்கள் சில ஆண்டுகள் கழித்து மோசடியை ஒப்புக்கொண்டார்கள் என்பது தனிக்கதை.)

இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாசலில் கிடக்கும் குப்பையைக் கண்டுகொள்ளாதவருக்கு விடுதலை. துடைப்பத்தை எடுத்துக் கூட்டியவருக்கு, நீ எல்லாக் குப்பையையும் கூட்டவில்லை என்று தண்டனை. இப்படி இருந்தால் எந்தப் புத்திசாலி துடைப்பத்தைத் தொடுவார்?

இந்தக் கோணலை நிமிர்த்தத்தான் 1996இல் அமெரிக்காவில் கம்யூனிகேஷன்ஸ் டீசன்சி சட்டத்தின் 230ஆவது பிரிவு வந்தது. பயனர் எழுதியதைச் சேவை எழுதியதாகக் கருத முடியாது என்பது அதன் முதல் பாதி. நல்லெண்ணத்தோடு ஒன்றை நீக்கியதற்காகவும் சேவையைப் பொறுப்பாக்க முடியாது என்பது இரண்டாவது பாதி. "நீ வெறும் மேடையா, பதிப்பாளரா? ஒன்றைத் தேர்ந்தெடு, நீக்கினால் பாதுகாப்பு போய்விடும்" என்று இன்றும் பலர் வாதிடுகிறார்கள். அந்தச் சட்டம் இதற்கு நேர் எதிராக, அப்படித் தேர்ந்தெடுக்கவேண்டிய நிலை வரக் கூடாது என்பதற்காகவே எழுதப்பட்டது. இந்தியாவிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவு இதுபோன்ற ஒரு பாதுகாப்பைத் தருகிறது. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிக்கையோ வந்த பிறகும் நீக்காவிட்டால் அது போய்விடும்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: சட்டம் ஒரு வெளிக்கோடு போடுகிறது. அதற்கு உள்ளே, ஒரு குழு தன் இடத்தைப் பெருக்கிக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது.

## குழுவின் கோடு ஏன் இன்னும் உள்ளே இருக்கிறது?

ஒரு சதுரங்கக் குழுவை எடுத்துக்கொள்வோம். அதில் ஒருவர் தினமும் இருபது முறை கிரிக்கெட் ஸ்கோர் போடுகிறார். அது குற்றமா? எந்த நாட்டிலும் இல்லை. ஆனால் ஒரு மாதம் அப்படியே விட்டால் அங்கே சதுரங்கம் இருக்காது. நூலகத்தின் வாசிப்பறையில் சத்தமாகப் பேசக் கூடாது என்பதும் இதே வகை. பேச்சு கெட்டது என்பதால் அல்ல, அந்த அறை வேறு ஒன்றுக்காக இருக்கிறது என்பதால். ஒரு குழுவின் எல்லைகளில் பெரும்பகுதி இப்படி அதன் நோக்கத்திலிருந்து பிறப்பவைதான். அவற்றுக்குப் போய்ப் பேச்சுரிமைத் தத்துவத்தை இழுப்பது கொசுவுக்குப் பீரங்கி.

கடினமான பகுதி அப்புறம்தான் வருகிறது. ஒரு வசவு, ஒரே ஒருமுறை, சட்டப்படி ஒன்றும் இல்லாமல் போகலாம். அதையே ஒரே நாளில் முந்நூறு பேர் ஒருவரிடம் சொன்னால்? ஒவ்வொருவரும் "நான் ஒரு வரிதானே எழுதினேன்" என்பார். ஒவ்வொருவரும் சொல்வது உண்மைதான். ஆனால் வாங்கிக்கொள்பவருக்கு அது ஒரு வரி இல்லை. இதைக் கும்பல் தொல்லை என்று வைத்துக்கொள்வோம். தனிமனிதர் ஒருவர் இன்னொருவரைத் தொல்லைப்படுத்துவதை எண்ணி எழுதப்பட்ட பழைய விதிகள் இதற்குப் போதவில்லை. இன்னொன்று டாக்ஸிங்: ஒருவரின் முகவரி, போன் எண், வேலை செய்யும் இடம் போன்றவற்றை அவர் சம்மதமில்லாமல் கூட்டத்தின் நடுவே போடுவது. ஒவ்வொரு தகவலும் தனித்தனியாக எங்கோ கிடைக்கக்கூடியதாக இருக்கலாம். கோபமான கூட்டத்திடம் சேர்த்துக் கொடுக்கும்போது மில் சொன்ன வியாபாரி வீட்டு வாசலுக்கு வழி காட்டுவதாக ஆகிவிடுகிறது. மதம், சாதி, இனம், பாலினம் போன்ற அடையாளத்துக்காக ஒரு கூட்டத்தையே தாழ்த்தி, அவர்கள் மீது பகையை மூட்டுவது வெறுப்புப் பேச்சு. இதன் வரையறை நாட்டுக்கு நாடு மாறும்.

மட்டுறுத்தாமல் விட்டால் எல்லோரும் சுதந்திரமாகப் பேசுவார்கள் என்று நானும் ஆரம்பத்தில் நம்பினேன். எங்கள் குழுவில் நடந்தது வேறு. சத்தமாகத் திட்டுகிற நாலைந்து பேர் பேசினார்கள். மற்றவர்கள் பேசுவதை நிறுத்தினார்கள். யாரும் புகார் கொடுக்கவில்லை, சொல்லிக்கொண்டு போகவும் இல்லை. ஒருநாள் பார்த்தால் காணோம். நீக்கிய பதிவுக்கு ஸ்கிரீன்ஷாட் இருக்கும். எழுதப்படாமலே போன பதிவுக்கு எந்தச் சாட்சியும் இல்லை. இந்தக் கணக்கில் அதுதான் எப்போதும் விட்டுப்போகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "புண்படுத்துகிறது" என்ற ஒரே சொல்லை வைத்து விதி எழுதினால் அது எதையும் விழுங்கிவிடும். ஷ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்தான, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இதற்கு நல்ல பாடம். எரிச்சல் ஊட்டுவது, அசௌகரியம் தருவது போன்ற சொற்களை வைத்து மூன்று ஆண்டு வரை சிறைக்கு வழி செய்திருந்தது அது. யாருக்கு எரிச்சல், எவ்வளவு எரிச்சல் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நீதிமன்றம் அந்தத் தெளிவின்மையையே முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் காட்டி அதைத் தூக்கி எறிந்தது. குழுவின் விதியை மீறினால் சிறை இல்லைதான். ஆனாலும் "மரியாதையாக நடந்துகொள்ளவும்" என்று மட்டும் எழுதியிருக்கும் குழுவில், மரியாதை என்பது அட்மினின் அன்றைய மனநிலை.

## ஒரே சொல், வேறு வேறு எடை

"நாளைக்கு உன்னைக் கொல்லப் போகிறேன்" என்று இரண்டு நண்பர்கள் சதுரங்கப் போட்டிக்கு முந்தைய நாள் எழுதிக்கொண்டால் அது கேலி. முன்பின் தெரியாத ஒருவருக்கு, அவர் வீட்டு வாசலின் படத்தோடு அதே வரியை அனுப்பினால் அது மிரட்டல். சொல்லை மட்டும் தேடும் இயந்திர வடிகட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். இதைவிட மோசமான ஒன்றும் நடக்கும்: தன்னை ஒருவர் எப்படித் திட்டினார் என்று பாதிக்கப்பட்டவர் அந்தச் சொல்லோடு எடுத்துப் போட்டால், வடிகட்டி அவருடைய புகாரைத் தூக்கிவிடும், திட்டியவர் சௌக்கியமாக இருப்பார்.

பகைமையைத் தூண்டும் பேச்சை எடைபோட, ஐநா மனித உரிமை அலுவலகம் நடத்திய கூட்டங்களின் முடிவில் 2012இல் ரபாத் செயல்திட்டம் உருவானது. சூழல், பேசியவர் யார், நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், எவ்வளவு தூரம் பரவியது, தீங்கு நேரும் வாய்ப்பு என்று ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. சின்னக் குழுவுக்கும் இது பொருந்தும். பத்து பேர் பின்தொடரும் ஒருவர் சொன்னதும் பத்து லட்சம் பேர் பின்தொடரும் ஒருவர் சொன்னதும் ஒரே எடை இல்லை.

சூழலைப் புரிந்துகொள்ள மொழி தெரிய வேண்டும். மியான்மரில் ரோஹிங்கியா மக்களுக்கு எதிரான வெறுப்பு ஃபேஸ்புக்கில் பரவிய காலத்தில், பர்மிய மொழி தெரிந்த மட்டுறுத்துநர்கள் அந்த நிறுவனத்திடம் மிகக் குறைவாகவே இருந்தார்கள். தங்கள் தளம் வன்முறையைத் தூண்டப் பயன்படுவதைத் தடுக்கப் போதுமான அளவு செய்யவில்லை என்று 2018இல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. விதிப் புத்தகம் இருந்தது. அதை அந்த மொழியில் பொருத்திப் பார்க்கப் போதிய ஆட்கள் இல்லை.

## நீக்குவதற்கும் விடுவதற்கும் நடுவில்

நீக்கு, விட்டுவிடு என்று இரண்டே பொத்தான் இருப்பதுபோல் பலர் பேசுகிறார்கள். நடுவில் நிறைய உண்டு. எச்சரிக்கைப் பட்டை ஒட்டலாம், பின்னூட்டத்தைப் பூட்டலாம், ஒருவரை ஒரு நாள் மட்டும் நிறுத்தி வைக்கலாம், அல்காரிதம் அந்தப் பதிவை முன்னால் தள்ளாமல் இருக்கச் செய்யலாம். உறுப்பினர்கள் தாங்களே பிளாக், மியூட் செய்துகொள்ளலாம். உங்களை ஒருவர் பிளாக் செய்வது உங்கள் பேச்சுரிமையைத் தொடவே இல்லை. பேசும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. காதைத் திருப்பிக்கொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது.

எனக்கு ஒப்பாத ஒன்று நிழல் தடை. பதிவு எழுதியவரின் கண்ணுக்கு மட்டும் தெரியும், மற்ற யாருக்கும் தெரியாது. எழுதியவருக்கு அது சொல்லப்படாது. ஸ்பேம் அனுப்பும் இயந்திரங்களை ஏமாற்ற இது உதவும். மனிதரிடம் இதைச் செய்வது, மைக்கை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து தலையாட்டுவதுபோல. நேராக நீக்கிவிடுவது இதைவிட மரியாதை.

## வீடு ஊராக வளர்ந்துவிட்டால்

"எங்கள் வீடு, எங்கள் விதி" என்ற வாதத்தின் தவறான பாதி இங்கேதான் தெரிகிறது. அலபாமா மாநிலத்தில் சிக்கசா என்றோர் ஊர் இருந்தது. தெரு, வீடு, கடை எல்லாமே ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்தின் சொத்து. அங்கே நடைபாதையில் மதப் பிரசுரம் கொடுத்த ஒரு பெண்மணியை, தனியார் இடம் என்று சொல்லிக் கைது செய்தார்கள். 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொதுமக்களுக்கு எவ்வளவுக்கு எவ்வளவு திறந்துவிடுகிறாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு சொத்துக்காரரின் உரிமை அவர்களின் உரிமைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

சமூக ஊடகங்களும் இப்படி ஓர் ஊர்தானே என்று கேட்கத் தோன்றும். அமெரிக்க நீதிமன்றங்கள் இதுவரை அப்படி ஏற்கவில்லை. எதைத் தொகுத்துக் காட்டுவது என்று தளங்கள் தெரிவு செய்வதும் ஒருவகைக் கருத்து வெளிப்பாடுதான் என்றே 2024இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை எழுதியது. ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போகிறது. அதன் 2022 டிஜிட்டல் சேவைகள் சட்டம், நீக்கினால் காரணம் சொல், முறையீட்டைக் கேள் என்று தளங்களைக் கட்டாயப்படுத்துகிறது. எனக்கு இந்த இரண்டாவது வழி அறிவுக்குப் பொருத்தமாகப் படுகிறது. எதை நீக்கலாம் என்று அரசு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால், முதல் காட்சியில் இருந்த வீட்டுக்காரரின் கையுறைக்குள் இரண்டாவது காட்சியின் போலீஸ் கை வந்துவிடும். எப்படி நீக்க வேண்டும் என்று சொல்வதில் அந்த ஆபத்து குறைவு.

## எந்த விதி, யார் சொன்னது, எங்கே முறையிடுவது

2021 ஜனவரியில் டொனால்ட் டிரம்பின் கணக்கை ஃபேஸ்புக் காலவரையின்றி நிறுத்தியது. அந்த முடிவை மறுபரிசீலனை செய்த, ஃபேஸ்புக் தானே அமைத்த மேற்பார்வை வாரியம் மே மாதம் சொன்னது கவனிக்கத்தக்கது: நிறுத்தியது சரி, ஆனால் "காலவரையின்றி" என்ற தண்டனை உங்கள் விதிகளிலேயே இல்லை, இல்லாத தண்டனையைக் கொடுக்க முடியாது. நிறுவனம் பிறகு அதை இரண்டு ஆண்டு என்று மாற்றியது. டிரம்பைப் பிடிக்குமா பிடிக்காதா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

1966இல் ஐநா ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கை, பேச்சைக் கட்டுப்படுத்தும் அரசுகளுக்கு வைத்த நிபந்தனைகளை அப்படியே குழு அளவுக்குச் சுருக்கலாம். விதி முன்பே எழுதியிருந்ததா? உண்மையான ஒரு தீங்கைத் தடுக்கத்தானா? அதற்குத் தேவையான அளவுக்கு மேல் போகவில்லையே? உங்கள் பதிவு நீக்கப்பட்டால் "சர்வாதிகாரம்" என்று எழுதுவதற்கு முன், எந்த விதியின் கீழ் என்று கேளுங்கள். நீங்கள் அட்மினாக இருந்தால், கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு வகைப் பதிவுக்கு மட்டும் இதெல்லாம் போதாது: அட்மினையே விமர்சிக்கும் பதிவு. எங்கள் குழுவில் ஒருவர் என்னைப் பற்றி நீளமாக எழுதினார். பாதி தவறு, மொழியும் சரியில்லை, விதிப்படி நீக்க இரண்டு காரணங்கள் கைவசம் இருந்தன. அன்று இரவுதான் ஒரு புது விதியைச் சேர்த்தோம்: அட்மின் பெயர் வரும் பதிவை அந்த அட்மின் தொடக் கூடாது, வேறொருவர்தான் பார்க்க வேண்டும். பார்த்தவர், பதிவு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம்தான்.